திரேசம்மா சரிபார்த்த சமையல் புத்தகம்

திரேசம்மாவின் கணவர் சூசைப்பிள்ளைக்குத் திருகோணமலை உட்துறைமுகப் பக்கத்தில் இரண்டு விதமாகப் பேர் இருந்தது. அவர் அடித்தால் ஆள் எழும்பாது. அவர் சமைத்தால் பந்தியிலிருந்து ஆள் எழும்பாது. இரண்டையும் ஒரே கையால்தான் செய்தார், அந்தக் கையில் மூன்று விரல்கள்தான் மிச்சம்.

மற்ற இரண்டும் இளந்தாரிக் காலத்தில், கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கப் போன இடத்தில் போயின. திரி கட்டையாகிவிட்டது என்பது அவருடைய கதை. திரியைப் பற்றவைத்த பிறகு பக்கத்து வள்ளக்காரனைத் தூஷணத்தால் ஏசத் தொடங்கி, ஏச்சு நீண்டுபோனதில் எறிய மறந்துவிட்டார் என்பது பக்கத்து வள்ளக்காரனின் கதை. அவரை அறிந்தவர்கள் இரண்டாவதைத்தான் நம்பினார்கள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனம். உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் திரேசம்மாவின் தகப்பன் கட்டிக்கொடுத்த வீடு, இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, அத்தனையும் அவள் பேரில் எழுதியது. சூசைப்பிள்ளை அங்கே வந்து குடியேறியவர். குடியிருக்க வந்தவர்கள் வீட்டுக்காரரிடம் கொஞ்சம் அடக்கமாக நடப்பது உலக வழமை. சூசைப்பிள்ளை வீட்டுக்காரியை அடித்தார்.

முதல் அடி உப்பால் வந்தது. திரேசம்மா தையல்காரி. அவள் தைத்த சட்டையில் ஒரு நூல் பிசகாது, குசினிக்குள் போனால் ஒன்றும் சரிவராது. கலியாணம் முடிந்த புதிதில் ஒருநாள், சூசைப்பிள்ளை விறாந்தையில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல அவள் மீன் குழம்பு வைத்தாள். உப்பு ஒரு பிடி என்றார். ஒரு பிடி போட்டாள். முதல் வாயோடு அவர் சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடித்தார், சுவர் முடிந்ததும் அவளை அடித்தார். மறுநாள் வீங்கிய கன்னத்தோடு அவர் சமைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது. மூன்று விரலால் அள்ளினால் பாதிதான் வரும். அதன் பிறகு அவர் ஒரு பிடி என்றால் அவள் அரைப்பிடி போட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கையைப் பற்றிக் கதைத்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு ஐஸ் வண்டிக்காரன் விளையாட்டாக விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு மீன் சந்தையில் தன் பற்களைத் துப்பியவன்.

அடிக்குப் பிறகு சமையல் என்பது அந்த வீட்டின் ஒழுங்கு. சூசைப்பிள்ளை மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. விடிந்ததும் சந்தைக்குப் போவார், நல்லதாக நண்டோ கணவாயோ சுறாவோ வாங்கி வருவார், தானே வெட்டுவார், தானே அரைப்பார், பெண்சாதியின் முன்னால் கோப்பையை வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார். உதட்டு வெடிப்பில் உறைப்புப் பட்டால் எரியும். திரேசம்மா எரிய எரியச் சாப்பிடுவாள். அவ்வளவு ருசி. அடித்தவன் கையால் ஆக்கியதை விரல் சூப்பிச் சாப்பிடுகிறோமே என்பது அடியை விடப் பெரிய அவமானமாக இருந்தது, ஆனாலும் அவள் ஒருநாளும் கோப்பையில் மிச்சம் வைத்ததில்லை. பெரிய அடிக்குப் பெரிய கறி. அவளுடைய விலா எலும்பு வெடித்த கிழமையில் சிங்க இறால் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது, தம்பி றிக்சன் ஒருநாள் குறுக்கே வரும்வரை. அக்காவின் சத்தம் கேட்டு ஒழுங்கையிலிருந்து ஓடிவந்தவன் இருவருக்கும் நடுவில் கையை நீட்டினான். சூசைப்பிள்ளை கதவுத் தடியை எடுத்து அந்தக் கையை முழங்கையோடு உடைத்தார். ஆஸ்பத்திரியில் கட்டினார்கள், ஆனால் கை நேராகவில்லை. இன்றைக்கும் றிக்சன் எப்போதும் யாரிடமோ ஏதோ கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருப்பவன் போலத்தான் நடப்பான். தனக்கு விழுந்ததை எல்லாம் பொறுத்த திரேசம்மாவுக்குத் தம்பிக்கு விழுந்ததைப் பொறுக்க ஏலவில்லை. அன்றைக்கே துறைமுகத்தில் வள்ளம் ஏறி மூதூரில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போக வேண்டியவர் அவர், வீடு தன்னுடையது என்ற எண்ணம் வள்ளம் பாதிக் கடல் தாண்டிய பிறகும் அவளுக்கு வரவில்லை.

விசயம் பொலிசுக்குப் போய் மத்தியஸ்த சபைக்கு வந்தது. அங்கே இருந்த பெரியவர்கள் யோசித்து ஒரு வழி சொன்னார்கள். அடுத்த வருடக் கோயில் திருவிழாக் கொடி இறங்கும் வரைக்கும் சூசைப்பிள்ளை யார்மீதும் கை வைக்கக்கூடாது. வைக்காவிட்டால் திரேசம்மா திரும்பி வருவாள். வைத்தால் றிக்சனின் வழக்கு நீதிமன்றம் போகும், அவர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவார். சிங்க இறாலுக்குத் தடைக்காலம் போடுவதுபோல அவருடைய கைக்கும் ஒன்று போட்டார்கள். திரேசம்மா தலையாட்டினாள். தலையாட்டியபோதே அவளுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. அடிக்க ஆள் இல்லாத வீட்டில் அடிக்காமல் இருப்பது பெரிய காரியமா?

சூசைப்பிள்ளை தடைக்காலத்தைக் காத்தார். ஊர் நம்பவில்லை, ஆனால் காத்தார். கோபம் வரும்போது குசினிக்குள் போய்க் கத்தியை எடுப்பார். பலகையில் விழும் வெட்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கும். கறி ஆனதும் பிரச்சினை வரும், கோப்பையை யார் முன்னால் வைப்பது? சமாதானப்படுத்த ஆள் இல்லாத சமையல்காரர் கடைசியில் எழுத்தாளர் ஆனார்.

எழுதியது உண்மையில் மகள் நிரோஷினி. நகரத்தில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை அவளுக்கு, சாப்பாடு கடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் மடிக்கணினியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்து, தகப்பன் வெட்டிக்கொண்டே சொல்வதை அப்படியே தட்டினாள். அவருடைய பாணி தனிப் பாணி. நண்டை மல்லாக்கப் போடவேண்டும், அது உங்கள் விரலைத் தேடும், கொடுக்கக்கூடாது. நடு ஓட்டில் கத்தி முனையை வைத்து ஒரே குத்து, இரண்டாம் குத்துக்குப் போகிறவன் குசினியை விட்டு வெளியே போகட்டும். கணவாயின் தலையைப் பிடித்து இழுக்கும்போது அது கண்ணைப் பார்க்கும், நீங்களும் பார்க்கலாம், இழுப்பை மட்டும் விடக்கூடாது. சுறாவை அவித்து, தோலை உரித்து, சதையைப் பிழிந்து, அதற்கு முன்பு உயிர் இருந்தது என்பதே தெரியாமல் உதிர்க்கவேண்டும். நிரோஷினி சில சொற்களைத் தணிக்கப் பார்த்தாள். தகப்பன் கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தணிக்கவில்லை.

புத்தகத்துக்குத் “துறைமுகத்துக் கறிகள்” என்று பேர் வைத்தார்கள். கிண்ணியாவில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஆதம்பாவா முதலாளி பின்னட்டை விளம்பரத்துக்காக அச்சுச் செலவைப் பொறுத்துக்கொண்டார். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க வேண்டும். கோயிலில் வாசகம் வாசித்துப் பழகிய திரேசம்மாவின் கண்ணுக்கு எழுத்தின் ஒரு காலும் குற்றும் தப்பாது என்பதால், நிரோஷினி தாள்களை மூதூருக்கு எடுத்துப் போனாள்.

திரேசம்மா தையல் மெசினுக்கு முன்னால் இருந்து வாசித்தாள். ஒவ்வொரு கறியும் அவளுக்கு ஒரு திகதி. இறால் பிரட்டல், காதுக்குள் இரைச்சல் தொடங்கிய நாள். கணவாய்ப் பால்கறி, நிரோஷினி வயிற்றில் இருந்த மாதம். பக்கத்தைத் திருப்பத் திருப்ப அவளுடைய உடம்பு ஒவ்வொரு இடமாக ஞாபகம் சொன்னது.

“இதில எத்தினை கறி சாப்பிட்டிருக்கிறியள், அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“எல்லாம்.”

“குடுத்து வைச்சனீங்கள்.”

திரேசம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகுதான் கவனித்தாள். புத்தகம் முழுக்க, ஒவ்வொரு கறியிலும், உப்பு ஒரு பிடி, மிளகாய்த்தூள் ஒரு பிடி. சொன்னவருக்கு அது ஒரு பிடிதான். தட்டியவளுக்குச் சமையல் தெரியாது. அது யாருடைய பிடி என்று தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தி.

பேனாவை எடுத்தாள். எழுத்துப் பிழைகளை வட்டமிட்டாள், விடுபட்ட புள்ளிகளை வைத்தாள். பிடியைத் தொடவில்லை. அந்த உப்பை ஊர் ஒருநாள் சாப்பிடட்டும். சாப்பிட்டுச் சிரிக்கட்டும். சபை நடுவில் சிரித்தால் அந்த மனிசனின் கை என்ன செய்யும் என்று, அந்த வீட்டுப் படியில் திரும்பக் கால் வைக்கும் முன் அவளுக்குத் தெரியவேண்டும். வேறு எந்தப் பரிசோதனையும் அவளிடம் இல்லை.

கொடி இறங்கும் நாளிலேயே வெளியீட்டு விழா வைத்தார்கள், காலைப் பூசை முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில். திரேசம்மா முதல் வள்ளத்திலேயே உடுப்புப் பையோடு வந்து இறங்கினாள். பையை மண்டபக் குசினியின் மூலையில் வைத்தாள். வந்தவர்களுக்கு விருந்து கொடுப்பதென்றும், அது புத்தகத்தில் உள்ளபடி இருக்கவேண்டும் என்றும் மாதர் சங்கம் முடிவெடுத்திருந்தது. சங்கத் தலைவி சோபனாவும் மற்றப் பெண்களும் வாழ்நாளில் எதையும் அளந்து போட்டவர்கள் இல்லை. உப்பு எவ்வளவு என்று அவர்களுடைய கைக்கே தெரியும். ஆனால் அச்சில் வந்த எழுத்துக்கு ஒரு மரியாதை உண்டே. ஒருத்தி சத்தமாக வாசிக்க, சோபனா வளையல் குலுங்கக் கொழுத்த கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். ஒரு கிலோவுக்கு ஒரு பிடி, அண்டா அளவு கிடாரத்துக்குக் கணக்குப் பார்த்துப் பல பிடி. இரண்டாவது கிடாரத்தில் அவளுக்கே சந்தேகம் வந்தது.

“அக்கா, கூடிப்போகாதோ? நீங்கள் அவரோட இருந்தனீங்கள், உங்களுக்குத்தானே தெரியும்.”

“புத்தகத்தில இருக்கிற மாதிரிப் போடுங்கோ” என்றாள் திரேசம்மா.

மண்டபத்தில் விளக்கேற்றினார்கள், வரவேற்புரை, ஆசியுரை, ஆய்வுரை எல்லாம் நடந்தன. ஆய்வுரை ஆற்றியவர் நூலில் நிறைந்திருக்கும் அன்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக ஒருவர் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து முகநூலில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். சூசைப்பிள்ளை வெள்ளைச் சேட்டோடு மேடையில் இருந்தார், வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்தபடி. முதல் பிரதியை ஆதம்பாவா முதலாளி பெற்றுக்கொண்டார். பெற்ற கையோடு முதல் கோப்பையையும் அவருக்கே கொடுத்தார்கள், சோறும் இறால் பிரட்டலும்.

முதலாளி கண்ணியமான மனிதர், மசாலா வியாபாரி. மென்றார், விழுங்கினார், சிரிக்க முயன்றார். பிறகு கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “தண்ணி கொண்டாங்க” என்றார், ஒலிவாங்கிக்கு முன்னால். அதற்குள் கீழேயும் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். இருமல் வரிசை வரிசையாகப் போனது. ஒரு பிள்ளை அழுதது. யாரோ கோப்பையைக் கதிரைக்குக் கீழே தள்ளினார்கள். ஆய்வுரை ஆற்றியவர் வெளியே ஓடினார்.

பின்வரிசையில் றிக்சன் எழும்பினான். அவனை யாரும் அழைக்கவில்லை, அதனாலேயே வந்திருந்தான். வளைந்த கையில் கோப்பையை ஏந்திக்கொண்டு நடுவழியால் மேடைவரை வந்தான்.

“மீனுக்கு வெடி போட்டது காணாதெண்டு இப்ப சனத்துக்குப் போடுறியளோ, அத்தான்?”

மண்டபம் சிரித்தது. இருமியவர்களும் இருமலுக்கு நடுவே சிரித்தார்கள். குசினி வாசலில் நின்ற திரேசம்மா சிரிக்கவில்லை. அவள் கணவரின் முகத்தையும் பார்க்கவில்லை. தொடைக்குக் கீழே இருந்த கை வெளியே வருவதை மட்டும் பார்த்தாள்.

சூசைப்பிள்ளை மேடையை விட்டு இறங்கினார். சிரிப்பு வரிசை வரிசையாக நின்றது. றிக்சன் பின்வாங்கவில்லை, ஆனால் அவனுடைய நல்ல கை தானாக எழும்பித் தலையை மறைத்தது. கிட்டப் போனவர் அவனுடைய கோப்பையை வாங்கினார், ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டார். துப்பவில்லை. கோப்பையை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பிழைதான், தம்பி” என்றார்.

திரேசம்மா குசினிக்குள் திரும்பினாள். மூலையில் இருந்த பையைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகலாம்.

சூசைப்பிள்ளை நேரே குசினிக்கு வந்தார். யார் என்ன போட்டது என்று கேட்டார், குரல் உயர்த்தாமல். சோபனா புத்தகத்தைக் காட்டினாள், பிறகு உப்பு வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினாள். ஐந்து விரலும் மூடிய, விளிம்பால் கொட்டிய பிடி. சூசைப்பிள்ளை அதைப் பார்த்தார். தன் கையை வாளிக்குள் விட்டு அள்ளினார், அதையும் பார்த்தார். இவ்வளவு காலமும் மற்றவர்களுக்குத்தான் அளந்து போடத் தெரியாது என்று நினைத்திருந்த மனிதருக்கு, பிசகு தன் பிடியில்தான் என்று அப்போதுதான் விளங்கியது. உப்பு மெல்ல அவருடைய கையிலிருந்து வழிந்தது.

சோபனா தன்மேல் பழி வராமல் இருக்கவேண்டுமே என்ற அவசரத்தில், அக்காவிடம் கேட்டுத்தான் போட்டது என்றாள். தாள்களைச் சரிபார்த்ததும் அக்காதான் என்றும் சொன்னாள்.

சூசைப்பிள்ளை திரும்பினார்.

“தெரிஞ்சுகொண்டே விட்டனீயோ?”

“ஓம்.”

“எப்ப துவக்கம் தெரியும்?”

“முதல் நாள் அடிச்சனீங்களே, அதுக்கு அடுத்த நாள் துவக்கம்.”

அவருடைய வலது கை மேலே போனது. மூன்று விரலும் விரிந்திருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஒழுங்கையில் இரண்டு கட்சி உண்டு. அடிக்கத்தான் தூக்கினார் என்பது ஒன்று. கையைக் காட்டத்தான் தூக்கினார், இந்தக் கையை இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருந்தாயே என்று கேட்கத்தான் தூக்கினார் என்பது மற்றது. திரேசம்மாவைக் கேட்டால் தெரியாது என்பாள். உயர்ந்த கை எங்கே இறங்கும் என்று கலியாணம் முடித்த நாள் முதல் பொறுத்துப் பார்த்தவள் அவள். அன்றைக்குப் பொறுக்கவில்லை. கிடாரத்தில் சாய்ந்திருந்த இரும்புக் கரண்டியை எடுத்தாள், கொதிக்கும் குழம்பு சொட்டச் சொட்ட, இரண்டு கையாலும் பிடித்து, அந்த உயர்ந்த கையில் இறக்கினாள். நண்டுக்கால் முறிகிற சத்தம் கேட்டது. சூசைப்பிள்ளை சுருண்டு விழுந்தார். அவள் இரண்டாம் தரமும் அடித்தாள், தோளில். மூன்றாம் தரம் ஓங்கியபோது சோபனாவும் நிரோஷினியும் கட்டிப்பிடித்தார்கள். கட்டிப்பிடித்த மகளையும் அவள் உதறிய உதறலில் நிரோஷினியின் தோடு பறந்து குழம்புக்குள் விழுந்தது.

ஓடிவந்த றிக்சன் வாசலில் நின்றுவிட்டான். அத்தானுக்காகத் தன் அக்காவைப் பார்த்துப் பயப்பட வேண்டிவரும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

மணிக்கட்டும் இரண்டு விரலும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் வந்து கேட்டபோது, கிடாரத்து மூடி விழுந்தது என்று சூசைப்பிள்ளை வாக்குமூலம் கொடுத்தார். பெண்சாதி அடித்தாள் என்று எழுதிக் கையொப்பம் வைப்பதற்கு மறியல் எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். சபைப் பெரியவர்கள் சங்கடப்பட்டார்கள். கொடி இறங்கும் வரைக்கும் அவர் யாரையும் அடிக்கவில்லை. நிபந்தனை நிறைவேறிவிட்டது. சட்டப்படி பார்த்தால் தவறு செய்தவள் திரேசம்மா, சொன்ன சொல்லைக் காத்தவர் சூசைப்பிள்ளை. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

திரேசம்மாவும் சொன்ன சொல்லைக் காத்தாள். திரும்பி வருவேன் என்றுதான் சொல்லியிருந்தாள், வந்தாள். மண்டபத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு, சேலையில் குழம்புக் கறையோடு, நேரே தன் வீட்டுக்கு நடந்தாள். அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளை மடித்து விறாந்தையில் வைத்தாள், விற்காத புத்தகக் கட்டுகளை அவற்றின் மேல் வைத்தாள். பூட்டை மாற்ற ஆள் கூப்பிட்டாள்.

சில நாள் கழித்து அவர் படலையடிக்கு வந்தார், கையில் மாக்கட்டோடு. அவள் அப்போதுதான் சோற்றுப் பானையை அடுப்பில் வைத்திருந்தாள்.

“திரேசு, காட்டத்தான் தூக்கினனான். அடிக்க இல்லை. மாதாவாணை.”

“இருக்கும்.”

“அப்ப ஏன் அடிச்சனீ?”

“பாத்துக்கொண்டு நிக்க ஏலாமப் போச்சு.”

அவர் மாக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். அவளுக்குச் சமைக்க வராதே, என்னத்தைச் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். உண்மையான கவலையோடுதான் கேட்டார், அது அவருடைய முகத்தில் தெரிந்தது. எதையாவது சாப்பிடுகிறேன் என்றாள்.

“நான் இனி எங்க போறது?”

“அது எனக்குத் தெரியாது. இது என்ர வீடு.”

விறாந்தையில் இருந்ததை அவள் படலைக்கு மேலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கினார். ஒரு கையால் எல்லாவற்றையும் பிடிக்க முடியவில்லை, புத்தகக் கட்டு ஒன்று ஒழுங்கையில் விழுந்து அவிழ்ந்தது. அவள் உதவிக்கு வெளியே வரவில்லை. படலையைச் சாத்திக் கொளுவினாள்.

உள்ளே சோறு அடிப்பிடித்துப் புகைந்தது. மேல் சோற்றை வழித்துக் கோப்பையில் போட்டு, ஒரு துண்டுக் கருவாட்டைச் சுட்டு வைத்துக்கொண்டு, கதிரையில் இருந்து சாப்பிட்டாள். நல்லாக இல்லை. முழுவதையும் சாப்பிட்டாள்.